காணாமல் போன அரை கிராம்

ஓர்னெல்லா பெரின் அந்த உறையை மேசைமேல் வைத்தபோது சத்தமே எழவில்லை. உள்ளே இருந்தது, மலையில் கயிற்றில் தொங்கும் ஓர் ஆளைத் தாங்கும் இடுப்புக் கச்சை.

"இதாலதான் இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு என் பட்டறைக்குப் பூட்டு போடப் போறாங்க," என்றாள். "போட வேண்டியதுதான்னா நானே போட்டுக்கறேன். ஆனா ஏன்னு தெரியணும், மரெஷால்லோ."

பத்திஸ்தா ஹெரின் மலைமீட்புப் படையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. வல்மொரேனில் இன்னும் எல்லோரும் அவரைப் பதவிப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அறுந்த கயிறு, உடைந்த கொக்கி, பிடுங்கிக்கொண்ட ஆணி, எதுவானாலும் கடைசியில் அவர் கைக்குத்தான் வரும். காலை வேளைகளில் அவரை எஜீதியோ வல்லேயின் கடையில் பார்க்கலாம். பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்த்துக் கூர் தீட்டும் கடை. எஜீதியோவுக்கு நாற்பது வயது, வாய் ஓயாது. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் தராசில் வைத்துவிடுவான். கச்சையையும் வைத்தான்.

"நூத்தி ஐம்பது புள்ளி அஞ்சு. அம்மாடி! என் மதியச் சாப்பாட்டு சீஸ்துண்டு இதைவிட கனம்."

கச்சை மேசையில் விரிந்தது. இடுப்புக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை. தொடைக்கு இரண்டு மெல்லிய பட்டைகள். காலில் பலகை இருக்கும்போதே கழற்றி மாட்ட வசதியாக அவை பக்கவாட்டில் திறந்துகொள்ளும். வயிற்றுக்கு நேராகக் கயிறு கட்ட ஒரு சிறிய முன் வளையம். பஞ்சு இல்லை, அலங்காரம் இல்லை, வேலை இல்லாத ஒரு தையல்கூட இல்லை. பத்திஸ்தா அதை மெதுவாகத் தடவிப் பார்த்தார். அவர் படையில் சேர்ந்த காலத்துக் கச்சை ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது.

முன் வளையம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

உள்பக்கச் சீட்டில் ஓர்னெல்லாவின் கையெழுத்து: 207. 151.0.

"தைச்சு முடிச்சதும் ஒவ்வொண்ணையும் எடை போட்டு எழுதிடுவேன்," என்றாள்.

"அப்ப அரை கிராம் குறையுது," என்றான் எஜீதியோ. "தைக்கறப்ப ஈரமா இருந்திருக்கும். இப்ப காஞ்சிருக்கும்."

"இந்த நூல் தண்ணியே குடிக்காது. ஒரு வாரம் பனியில புதைச்சு எடுத்தாலும் அதே எடைதான்."

"அப்ப அந்த அரை கிராம் எங்க போச்சு?"

"முதல்ல நடந்ததைச் சொல்லட்டும்," என்றார் பத்திஸ்தா.

நடந்தது சுருக்கம்தான். ஐந்து நாளைக்கு முன் லிவியோ ஜோர்தானேயும் அவன் மனைவி மௌராவும் பனிமலைப் பந்தயத்துக்குப் பயிற்சியாக மேல் பனியாற்றைக் கடந்தார்கள். ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் இருவர். பனி மூடியிருந்த பிளவுக்குள் லிவியோ ஏழு மீட்டர் விழுந்தான். கயிற்றில் தொங்கினான். பிறகு வளையம் அறுந்தது. இன்னும் ஆறு மீட்டர் கீழே இருந்த பனித்திட்டில் போய் விழுந்தான். தொடை எலும்பு முறிந்து அவோஸ்தா மருத்துவமனையில் கிடக்கிறான்.

"சனிக்கிழமை பந்தயத்துல நூத்திநாற்பது பேர் என் கச்சையைத்தான் கட்டப் போறாங்க," என்றாள் ஓர்னெல்லா. "பந்தயக் குழுத் தலைவர் கொர்ராதோ கிளாரே ஒரு நிபுணரை வெச்சுப் பார்த்தார். அறுந்த முனை உருகியிருக்காம். என் தையல் ஊசி சூடாகி நூலைக் கெடுத்திருக்காம். ஆறு மணிக்குத் தடை. அதோட, இதுவரை வித்த நானூறையும் திருப்பி வாங்கச் சொல்லுவாங்க."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"நானூறு பேர் இடுப்புல என் தையல் இருக்கு. தப்பு என்னோடதுன்னா வீடு வீடாப் போய் நானே வெட்டிப் போட்டுடறேன். தெரியாம மட்டும் இருக்க முடியாது. தூங்கி அஞ்சு நாள் ஆச்சு."

பத்திஸ்தா பூதக்கண்ணாடியை எடுத்தார். அறுந்த முனைகளில் கடுகைவிடச் சின்னதாகக் கெட்டிப்பட்ட மணிகள். பளபளப்பு.

"தையல் எந்தப் பக்கம்?"

"எதிர்ப்பக்கம். இதோ. இது அப்படியே இருக்கு."

"சூடு பட்டா என்னாகும்?"

"நூத்திநாற்பது டிகிரியில இளகிடும். எடைக்கு எடை பார்த்தா எஃகைவிட பலம், ஆனா சூடு மட்டும் ஆகாது. இஸ்திரிப் பெட்டி இருக்கற அறையிலகூட வைக்க மாட்டேன்."

எஜீதியோ மேசையைத் தட்டினான். "கத்தி! யாரோ முன்னாடியே பாதி அறுத்து வெச்சிருக்கான். பந்தயத்துல பொறாமை பிடிச்சவன் எவனோ!"

"கத்தி வெட்டும். உருக்காது."

"சூடு பண்ணின கத்தி."

"அதைக் கட்டிக்கிட்டு லிவியோ காலையிலேர்ந்து பனியாத்துல நடந்திருக்கான். விழுந்தப்ப உதறலையும் அது தாங்கியிருக்கு. பாதி அறுத்த வளையமா அது?"

எஜீதியோ விடவில்லை. "அப்ப முழுசா அறுத்த வளையமா?"

பத்திஸ்தா பழைய படைக்குத் தொலைபேசி போட்டார். மீட்புக் குறிப்பை எதிர்முனையில் ஒருவர் படிக்க, இவர் ஒரு மெழுகு டப்பாவின் மூடியில் எழுதிக்கொண்டார். மேலே பனியில் மௌரா இழுபட்ட தடம் பதினொரு மீட்டர். பிளவின் விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்னால் முடிகிறது. லிவியோவின் கையுறைகள் கிழிசலின்றி ஜாக்கெட்டுக்குள் இருந்தன. இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே கயிற்றுக் காயம். விரல்நுனிகளில் குளிர்க்கடி.

"விழறப்ப கயித்தைப் பிடிச்சிருக்கான் பாவம்," என்றான் எஜீதியோ.

"இருக்கலாம்," என்றார் பத்திஸ்தா. "வா, மௌராவைப் பார்ப்போம். ஓர்னெல்லா, மூணரைக்கு மருத்துவமனைக்கு வந்துடுங்க. கொர்ராதோவையும் வரச் சொல்லுங்க. வரும்போது புதுக் கச்சை ஒண்ணு எடுத்துட்டு வாங்க. திருப்பித் தர மாட்டேன்."

மௌரா ஜோர்தானே அடுப்பில் சோளமாவுக் களியான பொலெந்தாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்கைகளிலும் கட்டு. கிளறும் ஒவ்வொரு சுற்றுக்கும் முகம் சுருங்கியது. ஆனால் கரண்டியை விடவில்லை.

"அந்தப் பொம்பளை அனுப்பினாளா?" என்றாள்.

"நானாத்தான் வந்தேன்."

"என் புருஷன் இடுப்புல நூல் கட்டி அனுப்பியிருக்கா. நூல்!"

"உன் இடுப்புலயும் அதே நூல்தானே, மௌரா?"

அவள் சுவரைக் காட்டினாள். ஆணியில் அவளுடைய கச்சை தொங்கியது. 208. 150.8. எஜீதியோ அனுமதி கேட்காமலே சமையல் தராசில் வைத்தான். 150.8 என்றது. பத்திஸ்தா அதன் முன் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை.

பக்கத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருவரும் மலைக்குக் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேரே எடை. எஜீதியோ கோவிலுக்குள் நுழைந்தவன்போலக் குரலைத் தாழ்த்திப் படித்தான். "விசில் மூணு கிராம். பனிச்சுத்தி நூத்தித்தொண்ணூறு. சிறு நைலான் கயிறு, ஒன்றரை மீட்டர், இருபத்தெட்டு. கத்தி முப்பத்தொண்ணு... இதை ஏன் அடிச்சிருக்கீங்க?"

"நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை ரொட்டி வெட்ட எடுத்தோம். அதுக்கு அவன் பல்லே போதும்னு வீட்டிலேயே வெச்சாச்சு." சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது.

"கயித்தைக் கொக்கியில மாட்டினீங்களா, முடிச்சா?" என்று கேட்டார் பத்திஸ்தா.

"கொக்கி எதுக்கு? அதுவும் எடை. முன் வளையத்துல நேரா முடிச்சுதான்."

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லு."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஒரு இழு. நான் குப்புற விழுந்தேன். பனிச்சுத்தியைக் குத்திப் படுத்துட்டேன். வெயில் ஏறி மேல்பனி இளகியிருந்தது, சுத்தி நிக்கல. கொஞ்சம் நிக்கும், அப்புறம் ஒரு முழம் வழுக்கும். அப்படியே கால்மணி நேரம். கத்தினேன். அவனும் கத்தினான், நீ அவிழ்த்துடுன்னான். அவிழ்த்தா கொன்னுடுவேன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி வெச்சது அது, மரெஷால்லோ. யாரும் யாரையும் விடறதில்ல. அப்புறம் அவன் சத்தம் நின்னுது. நான் மறுபடி ஒரு முழம் போனேன். திடீர்னு கயிறு லேசாயிடுச்சு."

"கயித்தை மேல இழுத்தியா?"

"இழுத்தேன். முடிச்சு போட்டபடியே வந்துச்சு. உள்ள வளையம் இல்ல." அவள் கரண்டியை வெறித்தாள். "அவன் பேர் சொல்லிக் கத்தினேன். மூணாவது தடவைதான் பதில் வந்துச்சு."

படையினர் திருப்பிக் கொடுத்த பை மூலையில் இருந்தது. பத்திஸ்தா அதிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்தார். ஒன்று பெரிய கயிறு. அதை முழுக்க விரலுக்கிடையில் ஓட்டினார். எங்கும் தேய்வு இல்லை. மற்றது சிறு நைலான் கயிறு. நடுவில் ஒரு சாண் நீளம் விறைத்து, வெண்ணெய் பூசிக் காய்ந்ததுபோல் வெளுத்திருந்தது.

"இதைப் பெரிய கயித்துல சுத்தி ஏறப் பார்த்திருக்கான்," என்றாள் மௌரா. "அதுலதான் கையெல்லாம் காயம்."

எஜீதியோ அதைத் தராசில் வைத்தான். 28.3. வாயைத் திறந்தவன் பத்திஸ்தாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"லிவியோகிட்ட இந்தத் தடை விஷயம் சொன்னியா?" என்று கேட்டார் பத்திஸ்தா.

"சொல்லல. அவனுக்கு இப்ப எதுக்கு அது? அறுந்துபோச்சுன்னு மட்டும்தான் அவன் சொன்னான். அதுக்கு மேல நானும் கேட்கல."

காரில் எஜீதியோவால் பொறுக்க முடியவில்லை. "பூஜ்யம் புள்ளி மூணு கிராம் கயித்துல இருக்கு. இல்லையா? அவனா? ஏன்?"

"மூணரைக்குத் தெரியும்."

"அந்தப் பொண்ணு முன்னாடியா சொல்லப் போறீங்க? அது புருஷன் பொண்டாட்டி விஷயம்."

பத்திஸ்தா அடுத்த வளைவில் காரைத் திருப்பினார். "ஆமா. ஆனா நானூறு பேர் இடுப்புலயும் இருக்கே," என்றார்.

லிவியோவின் கால் கட்டிலின் மேலே உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. நோயாளி பிடித்து எழ, தலைக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி. அவனுடைய இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. மௌரா பொலெந்தா கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓர்னெல்லா கதவோரம் நின்றாள். கொர்ராதோ கிளாரே கோட்டைக் கழற்றாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிங்க. நிபுணர் அறிக்கை தெளிவா இருக்கு. உருகின முனை, கெட்டுப்போன நூல்."

"உருகினது உண்மைதான்," என்றார் பத்திஸ்தா. "ஊசி உருக்கியிருந்தா தையல் பக்கம்தானே அறுந்திருக்கணும்? இது எதிர்ப்பக்கம் அறுந்திருக்கு. அந்தப் பக்கம் ஊசியே போகல. அடுத்து, கயித்துக்கு ரெண்டு முனை. கீழ லிவியோ தொங்கினான், மேல மௌராவை இழுத்தது. இழுத்த கயிறு ஒண்ணுதான். ரெண்டு கச்சையும் ஒரே நாள்ல, ஒரே சுருள்ல தைச்சது. மௌராவோடதுல ஒரு பிசிறுகூட இல்ல."

"ஒண்ணுல மட்டும் குறை இருந்திருக்கலாமே."

"குறை இருந்தா எப்ப அறுந்திருக்கணும், கொர்ராதோ? ஏழு மீட்டர் விழுந்து ஒரே உதறா நின்னப்ப. அப்ப தாங்குச்சு. அப்புறம் கால்மணி நேரம் சும்மா தொங்கினான். அப்பதான் அறுந்துச்சு. பெரிய அடியைத் தாங்கின நூல், ஆள் கனத்தை மட்டும் தாங்கலையாம். நான் நம்பல."

லிவியோ ஜன்னலைப் பார்த்தான். "அறுந்துச்சு, மரெஷால்லோ. அவ்வளவுதான்."

"உன் கையுறை ஏன் ஜாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு?"

லிவியோ கட்டுப்போட்ட கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"விழறப்ப கையுறையோடதான் விழுந்த. அதுல ஒரு கிழிசல் இல்ல. அப்ப உள்ளங்கைக் காயம் விழுந்ததுல வந்ததில்ல. கையுறையைக் கழட்டிப் பத்திரமா உள்ள வெச்சிட்டு ஏதோ வேலை பண்ணியிருக்க. ஏறப் பார்த்தன்னு மௌரா நினைக்கறா. சிறு கயித்தைச் சுத்தி ஏறியிருந்தா பெரிய கயித்துல அந்த இடம் நசுங்கியிருக்கும். அது புதுசு மாதிரி இருக்கு." பத்திஸ்தா ஓர்னெல்லாவிடம் கை நீட்டினார். "கொண்டுவந்தீங்களா?"

புதுக் கச்சையின் சீட்டில் 403 என்றிருந்தது. எஜீதியோ அதைக் கட்டிக்கொண்டான். பத்திஸ்தா முன் வளையத்தில் ஒரு துண்டுக் கயிற்றை முடிந்து, கட்டிலின் மேல்கம்பியில் கட்டினார். எஜீதியோ முழங்காலை மடக்கி, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கினான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஊஞ்சல் மாதிரி. நூத்தி ஐம்பது கிராம்ல என்னை மாதிரி ஒரு தடியனைத் தாங்குது பாருங்க, தலைவரே! இதையா தடை பண்ணப் போறீங்க?"

"இது மருத்துவமனை," என்றார் கொர்ராதோ.

பத்திஸ்தா பையிலிருந்து ஒரு புது நைலான் கயிற்றை எடுத்தார். வளையத்துக்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, தயிர் கடைபவர்போல வலமும் இடமுமாக இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மெழுகுவத்தியை அணைத்ததுபோல லேசான வாசனை எழுந்தது. ஒன்பதாவது இழுப்பில் எஜீதியோ தரையில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டு அறுக்கக் கூடாதா?" என்று இடுப்பைத் தடவினான்.

பத்திஸ்தா வளையத்தின் முனைகளைக் கொர்ராதோவின் உள்ளங்கையில் வைத்தார். கடுகைவிடச் சின்ன மணிகள். பளபளப்பு. பிறகு இந்தச் சிறு கயிற்றையும், லிவியோவின் பையிலிருந்து எடுத்துவந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டின் நடுவிலும் அதே விறைப்பு, அதே வெண்மை.

"நைலான் உருக கிட்டத்தட்ட ரெட்டிப்புச் சூடு வேணும். அதனால தேய்க்கற கயிறு பிழைச்சுக்கும், இந்த நூல் இளகிடும். ஓர்னெல்லா தேடின அரை கிராம்ல பாதிக்கு மேல லிவியோவோட கயித்துல ஒட்டியிருக்கு. மிச்சம் பிளவுக்குள்ள போயிருக்கும். கத்தி இல்லாதவன் செய்யக்கூடிய வேலை இது ஒண்ணுதான். தொங்கற ஆளால முடிச்சை அவிழ்க்க முடியாது. சூட்டுல இளகற நூலைத் தேய்க்க முடியும். பெரிய கயித்தை விட்டுட்டு வளையத்தை ஏன் தேய்ச்சன்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன், லிவியோ. பெரிய கயிறு இவ்வளவு சுலபமா இளகாது. அது ஒரு காரணம். இன்னொண்ணு, கயிறு அறுந்தா முனை மௌரா கைக்கு வந்திருக்கும், நீ அறுத்தது தெரிஞ்சுபோயிருக்கும். வளையம்னா உன்னோடயே கீழ வந்துடும்."

கொர்ராதோ அந்த மணிகளை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"நீ வாயைத் திறக்கலன்னா," என்றார் பத்திஸ்தா, "ஆறு மணிக்கு ஓர்னெல்லாவோட கச்சையைத் தடை பண்றாங்க. அவ பட்டறையை மூடறா."

லிவியோ திரும்பி ஓர்னெல்லாவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது," என்றான். "சத்தியமா யாரும் சொல்லல. ஓர்னெல்லா, உன் நூல் அறுந்துபோகல. நான்தான் அறுத்தேன். விழுந்த வேகத்துல முதுகு ஒடிஞ்சிருக்கணும். ஒரு கீறல் இல்லாம நிறுத்துச்சு உன் கச்சை. அறுக்கறதுக்குத்தான் மனசு வரல."

ஓர்னெல்லா கதவில் சாய்ந்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் முறையாக உட்கார்ந்தாள் என்று எஜீதியோ பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

கொர்ராதோ தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "கூட்டம் வேண்டாம்... ஆமா, நான்தான் சொல்றேன்... நிபுணர்கிட்ட நானே பேசிக்கறேன்," என்ற குரல் நடைபாதையில் தேய்ந்தது.

மௌரா இன்னும் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள்.

"நீ எனக்கு வாக்குக் கொடுத்த," என்றாள்.

"கொடுத்தேன்."

"அவிழ்க்கறதில்ல, அறுக்கறதில்ல."

"ஆமா."

"கீழ அந்தத் திட்டு இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. இருட்டா இருந்துச்சு."

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"என் முகத்துல மேலேர்ந்து பனி விழுந்துச்சு, மௌரா," என்றான் அவன். "முதல்ல தூள். அப்புறம் கட்டி. ஒவ்வொரு தடவை நீ வழுக்கறப்பவும் கட்டி பெருசாச்சு. நீ எவ்வளவு கிட்ட வந்துட்டன்னு அதை வெச்சுத்தான் கணக்குப் போட்டேன்."

"நான் பிடிச்சிருப்பேன். கடைசிவரைக்கும் விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான்."

பத்திஸ்தா மெழுகு டப்பாவின் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் எழுதியிருந்த ஒரு மீட்டரை அவர் அந்த அறையில் சொல்லவே இல்லை.

வெகுநேரம் கழித்து மௌரா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர்னெல்லா பக்கம் திரும்பினாள். மன்னிப்பு கேட்கப் போகிறாள் என்று எஜீதியோ நினைத்தான். அவள் அதைக் கேட்கவில்லை.

"இவனுக்குப் புதுசு ஒண்ணு தைக்கணும்," என்றாள். "முன் வளையத்துக்குள்ள எஃகுக் கம்பி வெச்சு. எதைப் போட்டுத் தேய்ச்சாலும் அறுபடக் கூடாது."

ஓர்னெல்லா தரையிலிருந்தபடியே விரலால் ஒரு வளையத்தின் அளவைக் காற்றில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒன்பது கிராம் கூடுமே."

"கூடட்டும்," என்றாள் மௌரா.